ஒன்று முதல் ஒன்பது வரை

மென்பொருள் கேட்கும், நான் சத்தமாக வாசிப்பேன்:
தண்ணீர் வசதியா, தரையின் சாய்வா,
எது முக்கியம்? எத்தனை மடங்கு?
ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண் சொல்லுங்கள்.

பிள்ளைக்காம்பராவில் மடிக்கணினியை வைத்திருந்தோம்.
தலைக்குமேல் தொட்டில் கொக்கிகள்.
ஸ்டோரிலிருந்து இழுத்த வயரில் மின்சாரம் வந்தது,
கூடவே வாடும் கொழுந்தின் வாசம்.

நாற்பத்திரண்டு குடும்பம்.
லயத்துக்குப் பின்னால் மண்ணில் விழுந்த வெடிப்பில்
நவம்பரில் விரல் நுழைந்தது,
இப்போது முழங்கை.
இடங்கள் மூன்று: எட்டாம் நம்பர் மலை,
திடலுக்கு மேலே கைவிட்ட தேயிலை,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிந்துலை றோட்டோரம்.
அளவுகோல் ஆறு.
ஆறைச் சோடி சோடியாக நிறுத்தினால்
ஆளுக்குப் பதினைந்து கேள்வி.

கங்காணி இராயப்பன் முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டார்:
"எல்லாத்துக்கும் ஒம்பது போடுங்க மிஸ்.
கொறச்சுப் போட்டா கொறச்சுத்தான் தருவானுங்க."
அப்படிப் போட முடியாது என்றேன்.
"அப்ப என்னாத்துக்குக் கேக்குறீங்க?"

பவளக்கொடி படங்கை அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தாள்.
மத்தியான நிறுவைக்கு இருபது நிமிடம் இருந்தது.
சாய்வா, தண்ணீரா?
"தண்ணி. அஞ்சு போடுங்க.
பீலிக்கு ராவுல நடந்தவளக் கேக்குறீங்களே."
பள்ளிக்கூடமா, சாய்வா?
"சாய்வு. மண்ணு கூரை மேல வந்தா
பள்ளிக்கூடத்துக்கு யாரு போறது? மூணு."
தண்ணீரா, பள்ளிக்கூடமா?
கொஞ்சம் யோசித்தாள்.
கையிலிருந்த தேயிலைக் கறையைப் பார்த்தாள்.
"பள்ளிக்கூடம். மூணு.
தண்ணிய நான் தூக்கியாருவேன்.
பள்ளிக்கூடத்தத் தூக்கியார முடியாது."

திரை சிவந்தது.
முரண்பாட்டு விகிதம்: 0.31.
ஏற்கத்தக்க எல்லை: 0.10.
கீழே ஒரு பரிந்துரை, மிகுந்த பணிவோடு:
பதினோராவது விடையைத் திருப்பிப் போட்டால் போதும்.

"என்னா சொல்லுது?"
நீங்கள் சொல்வது ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையாம், என்றேன்.
"எனக்கும்தான் ஒத்துவரல" என்று எழுந்து
நிறுவைக்குப் போய்விட்டாள்.

அலுவலகத்தில் இரவு ஏழு மணி.
நாளை நாலு மணிக்குள் கச்சேரிக்கு அறிக்கை போகவேண்டும்.
பதினோராவது விடையைத் திருப்பினேன்.
பச்சை. 0.09.
எட்டாம் நம்பர் மலை முதலிடம்.
மறுபடி அவள் சொன்னபடி வைத்தேன்.
சிவப்பு. றோட்டோரம் முதலிடம்,
ஆயிரத்தில் நாலு பங்கு வித்தியாசத்தில்.
எடைக்கோட்டைச் சுட்டியால் அரை அங்குலம் இழுத்தேன்:
நாற்பத்திரண்டு குடும்பம்
கோழி, சாமிப்படம், காஸ் சிலிண்டரோடு ஆற்றைக் கடந்தது.
விட்டேன். எல்லோரும் திரும்பி வந்தார்கள்.
இன்னொரு தடவை செய்து பார்த்தேன்.
எனக்கே வெட்கமாக இருந்தது.

மென்பொருளைக் குறை சொல்லமாட்டேன்.
அது வருவதற்கு முந்தி
இந்த மாதிரிக் காரியங்களை இரண்டு பேர்
ரெஸ்ட்ஹவுஸில் சாப்பிட்டபடி முடித்தார்கள்.
பவளக்கொடியிடம் பதினைந்து கேள்வி கேட்டது
இதுதான் முதல்.

'குறிப்புகள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது, நூறு எழுத்து.
கொம்பையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் பெட்டி.
'தகவல் வழங்குநரின் விளக்கம் பின்வருமாறு' என்று தொடங்கி
அவள் சொன்னதை அடித்தேன்.
பள்ளிக்கூடத்த என்பதோடு நின்றுபோனது.
முன்னாலிருந்த என் வரியை அழித்தேன்.
மீதிக்கு இடம் வந்தது.

சிவப்பாகவே அனுப்பினேன்.

திங்கட்கிழமை நுவரெலியாவிலிருந்து தொலைபேசி:
"உங்க கோப்பில ஒரு பிழை இருக்கே, பார்த்தீங்களா?"
பார்த்தேன் என்றேன்.
யன்னலுக்கு வெளியே மழை
எந்தப் பக்கம் சாய்ந்து பெய்கிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.